எண் வாசிப்பவர் பிந்தினால்: வீட்டு சீஎன்சீக்கு எந்தக் கணனி?

உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013இல் ஆரம்பிக்கப்பட்டதிலிருந்து பிள்ளைகள் நம்மிடம் கொண்டுவரும் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் இஸட் புள்ளி, எந்தக் கெம்பஸ், எந்தப் பாடம் என்பதோடு முடிந்துவிடும். இப்போது அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வீட்டுக் கராஜில் சொந்தமாக ஒரு சீஎன்சீ இயந்திரத்தைப் பொருத்திவிட்டு, "சேர், இதை ஓட்ட எந்தக் கம்பியூட்டர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். சில நாட்களில் அதே கேள்வியை அவர்களுடைய வாப்பா கேட்கிறார். அவர் கேட்கும் தொனி வேறு; காசு அவருடையது.

அறியாதவர்களுக்காக ஒரு வரி: சீஎன்சீ என்பது, கணனி கொடுக்கும் எண்களின்படி வெட்டும் அலகை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மேல் கீழாகவும் நகர்த்தும் இயந்திரம். கதவுப் பூவேலை, மிம்பரின் நட்சத்திரக் கோலம், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் இன்று இதில் வெட்டலாம்.

கடைக்காரரிடம் போனால், "இருப்பதிலேயே வேகமானதை எடுங்க" என்பார். யூடியூப்பைப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை ஒன்றே போதும் என்பார்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டதைப் பார்த்த வீடுகள் நம்முடையவை. தவறான பெட்டியை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்குவோம் என்று இருக்க முடியாது. ஆகவே இந்தக் கேள்விக்குப் பின்னாலுள்ள சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். விடை அங்கேதான் கிடக்கிறது.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். பிலிமத்தலாவையில் இறங்கி தவுலகலப் பக்கம் போனால் எம்பெக்க தேவாலயம். கம்பளை இராசதானிக் காலத்தில், மூன்றாம் விக்கிரமபாகுவின் ஆட்சியில் (1357–1374) எழுந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் எல்லோரும் போயிருப்போம். மேளமடிக்கும் மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னம், மல்லர், இருதலைப் பறவை, குழந்தையை ஏந்திய தாய் என்று வழிகாட்டி காட்டிக்கொண்டே போவார். கூரையின் 26 கைமரங்களை ஒரே முனையில் சேர்த்துப் பிடிக்கும் மர ஆணியை, சிங்களத்தில் மடொல் குருபாவ, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தத் தூணைச் செதுக்கியவருக்கு, அடுத்து எங்கே வெட்ட வேண்டும் என்ற கட்டளையும் அவருடைய தலையில். வெட்டும் கையும் அவருடையது. நடுவில் தாகமெடுத்தால் உளியை வைத்துவிட்டு எழுந்து போகலாம். மரம் காத்திருக்கும்.

கண்டி அரசர் காலத்தில் இந்தக் கைவினைஞர்கள் கொட்டல் பத்த என்ற திணைக்களத்தின் கீழ் வேலை செய்தார்கள். (நம் முன்னோர் பலர் மடிகே பத்தவில், பொதிமாடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுவோம்.) 1815இல் அரசு போனது, ஆதரவும் போனது. எஞ்சியிருந்த கண்டிக் கைவினையை ஆனந்த குமாரசுவாமி ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை என்ற பெரிய நூலாக வெளியிட்டார். இன்றைக்கு நம் பிள்ளைகள் இயந்திரத்தில் வெட்டும் கொடிக்கோலங்கள் பலவற்றின் மூலத்தை அதில் பார்க்கலாம்.

கட்டளையும் கையும் எப்போது பிரிந்தன? இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் உடனே பக்தாதுக்குப் போய்விடுவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பனூ மூசா சகோதரர்கள், முளை பதித்த உருளை சுழன்று தானாகப் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு கருவியை விவரித்தது உண்மை. முளையின் இடத்தை மாற்றினால் பாட்டு மாறும். அந்த அளவில் அது கட்டளையைக் கைக்கு வெளியே எழுதிவைத்த வேலைதான். ஆனால் அதிலிருந்து சீஎன்சீயையும் நாங்களே கண்டுபிடித்தோம் என்று சொல்வது அந்தச் சகோதரர்களுக்கே மரியாதை இல்லை. எண்களைக் கொண்டு உலோகத்தை வெட்டும் வேலை இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது, அதுவும் ஒரு நெருக்கடியில் பிறந்தது.

நெருக்கடி ஹெலிகொப்டர் இறகு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் டிரவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் இறகு செய்யும் வேலையை எடுத்திருந்தார். அதன் குறுக்குவெட்டு ஒரு நுட்பமான வளைவு. அதைச் சரிபார்க்கும் அச்சுத் தகடுகளைக் கண்மதிப்பில் வரைந்து வெட்டினால் சரிவரவில்லை. அவருடன் வேலை செய்த பிராங் ஸ்டூலன், துளையிட்ட அட்டைகளில் கணக்குப் போடும் ஐபிஎம் இயந்திரத்தைக் கொண்டு வளைவின் மீது நெருக்கமாகப் பல புள்ளிகளைக் கணித்தார். பிறகு அந்தப் புள்ளிகளை எப்படி வெட்டினார்கள் தெரியுமா? அரவை இயந்திரத்தின் ஒரு சக்கரத்தில் ஒருவர், மற்றச் சக்கரத்தில் இன்னொருவர். மூன்றாமவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை உரக்க வாசிப்பார். இவர்கள் இருவரும் அதன்படி சக்கரத்தைத் திருப்புவார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையில் ஒரு சீஎன்சீயில் இருக்க வேண்டிய அத்தனையும் அந்த மூன்று பேரிடமும் இருக்கிறது. முன்கூட்டியே போட்ட கணக்கு ஒன்று, அதை நேரத்துக்கு வாசிக்கும் வாய் ஒன்று, திருப்பும் கைகள் இரண்டு. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், வாசிப்பவர் தும்மும்போது ஒரு கை நின்று மறு கை நகர்ந்துவிட்டால் வளைவு கெட்டுவிடும்.

அமெரிக்க விமானப்படை 1949இல் பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அவர் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தை உதவிக்கு அழைத்தார். போகப்போக வேலை அவர்கள் கைக்கே போய்விட்டது. உதவிக்குக் கூப்பிட்டவன் வீட்டைப் பிடித்த கதை. 1952இல் அவர்கள் காட்டிய இயந்திரம் துளையிட்ட காகித நாடாவிலிருந்து எண்களை வாசித்து, மூன்று அச்சுகளையும் ஒன்றாக நகர்த்தியது. நூற்றுக்கணக்கான வால்வுகள் நிறைந்த அதன் கட்டுப்பாட்டு அலுமாரிகள் அரவை இயந்திரத்தை விடவும் அதிக இடத்தைப் பிடித்தன. சின்னக் கணனியைத் தேடும் நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த எண்களை எழுதும் முறைக்குப் பின்னர் ஜீ-கோட் என்று பெயர் வந்தது. 1980இல் கடைசியாகத் திருத்தப்பட்ட அந்த ஒழுங்கைத்தான், சிறு மாற்றங்களோடு, நம் பிள்ளைகளின் இயந்திரங்களும் இன்று வாசிக்கின்றன.

தொழிற்சாலைகளின் கதையைத் தாண்டிவிடலாம். வீட்டுக்குள் இது வந்தது ஐபிஎம் பீசீயின் முதுகில் இருந்த ஒரு துளையால். 1981இல் வெளிவந்த அந்தக் கணனிக்கும் அதன் பின்வந்தவற்றுக்கும் பிரின்டர் மாட்ட 25 ஊசித் துளை ஒன்று இருந்தது. அதில் 8 கம்பிகள் வெளியே தகவல் அனுப்பும். ஸ்டெப்பர் மோட்டருக்குத் தேவை இரண்டே கம்பி: ஒன்று "ஒரு படி போ" என்ற துடிப்பு, மற்றது "இந்தத் திசையில்" என்ற குறி. 8ஐ 2ஆல் வகுத்தால் நான்கு மோட்டர். பிரின்டருக்காக வைத்த துளையில் அரவை இயந்திரத்தை மாட்டலாம் என்று கண்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். டொஸ் காலத்துக் கணனி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். அதனால் துடிப்புகள் ஒழுங்காகப் போயின.

விண்டோஸ் வந்ததும் வில்லங்கம் வந்தது. எலியை நகர்த்த வேண்டும், கடிகாரத்தைக் காட்ட வேண்டும், வைரஸ் தேட வேண்டும். இவற்றுக்கு நடுவில் எண் வாசிக்கவும் வேண்டும். ஆர்ட் பெனர்ட்டி என்பவரின் மாக் 3 மென்பொருள் விண்டோஸின் அடித்தளத்துக்குள்ளேயே ஒரு இயக்கியை நுழைத்து இதைச் சமாளித்தது. ஆனால் அந்தப் பிரின்டர் துளை இயக்கி 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இன்று புதிதாக வாங்கும் 64 பிட் கணனியில் அதை எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு பக்கம், அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 1990களில் ஈஎம்சி என்ற திட்டத்தைத் தொடங்கி, அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டது. ஈஎம்சி என்ற பெயரில் ஒரு கம்பனி இருந்ததால் 2011இல் பெயரை மாற்ற நேர்ந்தது. அதுதான் இன்றைய லினக்ஸ்சீஎன்சீ.

இப்போது ஒரு கணக்கு. கரும்பலகை இல்லாமலே போடலாம். சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவரில் ஒவ்வொரு படியையும் 8ஆகப் பிரித்தால் 1600. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகரும் திருகு என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு 320 துடிப்பு. அலகை செக்கனுக்கு 30 மில்லிமீற்றர் வேகத்தில் ஓட்டினால் செக்கனுக்கு 9600 துடிப்பு. அதாவது இரண்டு துடிப்புக்கு இடையில் ஏறத்தாழ 104 மைக்ரோசெக்கன். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்ததில் நூற்றுச் சொச்சம்.

கணனி வேறேதோ யோசனையில் 100 மைக்ரோசெக்கன் பிந்தினால் ஒரு முழுப் படியின் நேரம் போய்விட்டது. மோட்டர் ஓடும் வேகத்தில் அந்த இடைவெளி வந்து, அடுத்த துடிப்பு அவசரமாக வந்தால், மோட்டர் பிடி நழுவி நின்றுவிடும். அது நின்றது கணனிக்குத் தெரியாது. சாதாரண ஸ்டெப்பரில் திரும்பிச் சொல்லும் ஏற்பாடு கிடையாது. அலகு இருக்கும் இடம் ஒன்று, கணனி நம்பும் இடம் வேறொன்று. அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் தள்ளித்தான் விழும். ஐந்து மணித்தியாலம் ஓடிய தேக்குப் பலகையில் கடைசிப் பூ மட்டும் அரை அங்குலம் விலகியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எம்பெக்க தச்சரின் மரம் காத்திருந்தது, இது காத்திராது.

அதனால்தான் லினக்ஸ்சீஎன்சீக்காரர்கள் கணனியின் வேகத்தைக் கேட்பதில்லை. எவ்வளவு பிந்துகிறது என்று கேட்கிறார்கள். அதை அளக்க அவர்களே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அதிகபட்சத் தாமதம் 15 முதல் 20 மைக்ரோசெக்கனுக்குள் இருந்தால் அருமை. 30 முதல் 50 என்றாலும் வேலை நடக்கும. 100ஐத் தாண்டினால், பிரின்டர் துளை வழியாக நேரடியாக மோட்டரை ஓட்ட அந்தக் கணனி ஆகாது. விசித்திரம் என்னவென்றால் விலையுயர்ந்த மடிக்கணனிகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த அவை நடு நடுவே தூங்கி விழிக்கின்றன. பயோஸ் தன் வேலைக்காக முழுக் கணனியையும் ஒரு கணம் நிறுத்திவைக்கிறது. 2010 அளவில் வந்த இன்டெல் அட்டம் டீ510எம்ஓ என்ற பலகை, 17 சென்றிமீற்றருக்கு 17 சென்றிமீற்றர், மெதுவான ஆமை. படம் பார்க்கக்கூட லாயக்கில்லை என்று பலர் ஒதுக்கிய அந்த ஆமைதான் சீஎன்சீக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது. நேரம் தவறாது, அவ்வளவுதான்.

இனி இந்தச் சரித்திரத்தின் முக்கியத் திருப்பம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில், மாணவர்கள் மலிவாகப் படிக்க வேண்டுமென்று ஆர்டுயினோ பலகையைச் செய்தார்கள். 2009இல் நோர்வேகாரரான சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் அதற்குள் அடங்கும் ஒரு சீஎன்சீ மென்பொருளை எழுதினார், பெயர் ஜெர்பில். பின்னர் சொனி ஜியோன் அதை வளர்த்தெடுத்தார். ஆர்டுயினோ ஊனோவின் சில்லு 16 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். இன்றைய கணனியோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கு வேகம்கூடக் கிடையாது. ஆனால் அதற்கு வேறு வேலையே இல்லை. செக்கனுக்கு 30,000 துடிப்பு வரை பிசகாமல் கொடுக்கிறது. நம் கணக்குக்குத் தேவையான 9600ஐப் போல மூன்று மடங்கு.

டிரவர்ஸ் சிட்டியின் மூன்று பேரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஜெர்பில் வந்ததும் எண் வாசிக்கும் வேலை கணனியிடமிருந்து அந்தச் சின்னச் சில்லுக்குப் போய்விட்டது. கணனி பட்டியலைப் பக்கம் பக்கமாக நீட்டினால் போதும். சில்லு அடுத்த பதினைந்து பதினாறு நகர்வுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தன்பாட்டில் ஓடும். ஆகவே "எந்தக் கணனி?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எண் வாசிப்பது யார்?" சில்லு வாசிக்கிறது என்றால், வீட்டில் ஏற்கனவே கிடக்கும் பழைய மடிக்கணனியே போதும். புதிதாக ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்று எத்தனையோ வாப்பாமாருக்குச் சொல்லியிருக்கிறோம், நம்பத்தான் கஷ்டப்படுகிறார்கள். கணனியே வாசிக்கப் போகிறது என்றால்தான் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜெர்பிலுக்கும் எல்லை உண்டு. பெயர்ப்பலகை, பெட்டி, கதவுச் சட்டம் என்றால் பிரச்சினை இல்லை. கண்டிக் கொடிக்கோலத்தைப் புடைப்பாகச் செதுக்கும்போது கோப்பில் இலட்சக்கணக்கான குட்டி வரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு மில்லிமீற்றர். பழைய 8 பிட் சில்லுக்கு அவ்வளவு வேகமாக விழுங்க முடியாமல் இயந்திரம் திக்கித் திக்கிப் போகும். அதற்கு ஈஎஸ்பி32 போன்ற 32 பிட் சில்லில் ஓடும் புளூயிட்என்சீ வகைப் பலகையைப் பாருங்கள்.

ராஸ்பெரி பை பற்றி. 2012 பெப்ரவரி 29ஆம் திகதி 35 டொலருக்கு வந்தது, உலகத்தையே மாற்றியது, அதில் சந்தேகமில்லை. பட்டியலை நீட்டும் வேலைக்கு அது மிகப் பொருத்தம். இயந்திரத்துக்குப் பின்னால் ஒட்டிவிட்டு ஃபோனிலிருந்தே ஓட்டலாம். ஆனால் அதுவும் பல வேலை பார்க்கும் ஒரு கணனி என்பதை மறக்கக்கூடாது. அதன் ஊசிகளிலிருந்து மோட்டருக்கு நேரடியாகத் துடிப்பு அனுப்ப நினைத்தால் பழைய தாமதப் பிரச்சினை முன்னால் வந்து நிற்கும். போதாததற்கு அந்த ஊசிகள் 3.3 வோல்ற், பல டிரைவர்கள் எதிர்பார்ப்பது 5. இடையில் ஒரு பலகை வேண்டும். மின் பெட்டி, குளிர்த்தகடு, எஸ்டி கார்ட் எல்லாம் சேர்த்தால், பாவித்த அலுவலகக் கணனி ஒன்று பல சமயம் மலிவாகவே இருக்கும்.

கண்டியில் இருப்பவர்கள் எஸ்டி கார்டைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது நினைவிருக்கும். அவ்வளவு மோசம் இப்போது இல்லையென்றாலும் இடி மழைக் காலத்தில் மலைப் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் பழுதாகிவிடும். உடனே ஒரு யூபிஎஸ் வாங்கிக் கணனிக்கு மட்டும் மாட்டுவார்கள். அது இன்னும் ஆபத்து. மோட்டர் நின்றுவிடும், கணனியும் சில்லும் மட்டும் விழித்திருந்து, பலகை வெட்டுப்படுவதாக நினைத்து எண்ணிக்கொண்டே போகும். கரண்ட் போனதும் இயந்திரத்தை நிறுத்திவைக்கும்படி ஒரு சமிக்ஞையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒன்றாக நிற்பதே மேல். எப்படியானாலும் ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு எல்லைச் சுவிட்ச் போட்டு, வேலை தொடங்கிய புள்ளியை ஒரு தாளில் எழுதிவைத்தால், கரண்ட் வந்ததும் அதே இடத்துக்குத் திரும்பலாம். சில நூறு ரூபா சுவிட்ச் செய்யும் இந்த உதவியை இலட்ச ரூபாக் கணனி செய்யாது.

தூசியும் ஈரமும் அடுத்தது. எம்டிஎஃப் தூசியை விசிறி உறிஞ்சினால் எந்தக் கணனியும் அதிக நாள் தாங்காது. விசிறியே இல்லாத சின்னப் பெட்டி கிடைத்தால் நல்லது. வெட்டும் மோட்டரின் இன்வேட்டர் கிளப்பும் மின் இரைச்சலால் யூஎஸ்பி தொடர்பு நடுவில் அறுந்துபோவதும் அடிக்கடி நடக்கும். கம்பி குட்டையாகவும் கவசமுள்ளதாகவும் இருக்கட்டும். எர்த் கம்பியைக் கட்டாயம் போடுங்கள். பெரிய வேலைக்கு இறங்குபவர்கள், இன்டெல் என்100 போன்ற சிறு கணனியில் லினக்ஸ்சீஎன்சீயைப் போட்டு, ஈதர்நெட் கம்பி வழியாகத் துடிப்புத் தரும் மேசா அட்டையைச் சேர்ப்பது நம் பார்வையில் சிறந்த வழி. அங்கேயும் துடிப்பை எண்ணுவது அட்டைதான். கணனி ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

செலவு குறைவாக, பழைய வழியிலேயே போகிறோம் என்பவர்கள் அலுவலகங்களில் கழித்த, பிரின்டர் துளை பலகையிலேயே உள்ள சிறிய பெட்டிகளைத் தேடலாம். யூஎஸ்பியில் மாட்டும் பிரின்டர் துளை மாற்றியை யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். அது பிரின்டரை மட்டும்தான் ஓட்டும். கடைக்குப் போகும்போது லினக்ஸ்சீஎன்சீ ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணனியைத் தொடங்கி, தாமதச் சோதனையைத் திறந்துவிட்டு, ஜன்னல்களை இழுத்து அசைத்து, ஒரு வீடியோவையும் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கணனியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். கால் மணித்தியாலமாவது பார்க்க வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அவருக்கும் ஒரு பிளேன் டீ சொல்லிவிட்டு, அந்த அதிகபட்ச எண்ணில் மட்டும் கண்ணை வைத்திருங்கள்.